சந்தனம் வைத்த இசைத்தட்டு

எங்கள் வீட்டு முன் அறையில், அலுமாரிக்கு மேலே, சதுரமான மட்டை உறை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் கறுப்பாக ஒரு வட்டத் தட்டு. ஒழுங்கையில் விளையாட வருகிற பிள்ளைகளே, நீங்கள் ஒவ்வொருவராக வந்து யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்து, "மாமா, உது என்ன? தோசைக்கல்லோ?" என்று கேட்கிறீர்கள். அது தோசைக்கல் இல்லை. இசைத்தட்டு. என் மூத்த மகளும் அவளுடைய இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து செய்த முதல் இசைத்தட்டு. அது சரியாக வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நாங்கள் பட்ட பாட்டை ஒருதரம் எழுதி வைத்தால், கேட்கிற பிள்ளைக்கெல்லாம் வாசிக்கக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் இசைத்தட்டு என்றால் என்னவென்று சொல்கிறேன். ட்ராக்டர்காரர் வயலை எப்படி உழுகிறார் என்று பார்த்திருப்பீர்கள். வரம்போரமாகத் தொடங்கி, சுற்றிச் சுற்றி உழுது, கடைசியில் வயலின் நடுவில் வந்து நிற்பார். இந்தத் தட்டிலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது. மயிரிழையை விட மெல்லிய கோடு. விளிம்பில் தொடங்கி நடு வரைக்கும் ஒரே கோடுதான். தட்டைச் சுழலவிட்டு, அந்தக் கோட்டில் ஒரு ஊசியை வைத்தால், கோட்டின் மேடு பள்ளத்தில் ஊசி நடுங்கும். அந்த நடுக்கம்தான் பாட்டாகக் கேட்கிறது. போனில் விரலால் தொட்டவுடன் பாட்டு வருகிற காலத்தில் இது எதற்கு என்று நானும் மகளிடம் கேட்டேன்.

"போனில கேக்கிறவை நடுவில விட்டிட்டுப் போயிடுவினம் அப்பா. இதைப் போட்டால் இருந்து கேப்பினம்" என்றாள்.

மகள் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்து வயலின் பழகியவள். கூட்டாளிகளில் ஒருவர் தர்மபுரத்துத் தம்பி. அவருடைய பாட்டன், பூட்டன் எல்லாம் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். வன்னிக்கு வந்து இப்போது அவருடைய தகப்பனும் எங்களைப் போல நெல் விதைக்கிறார். தம்பி தப்பு என்கிற தோல்பறை அடிப்பார். மற்றவர் வவுனியாத் தம்பி. அவரிடம் ஒரு கொம்பியூட்டரும், ஒரு பை நிறைய வயரும் இருக்கும். அவர் என்ன வாசிக்கிறார் என்று என் மனைவி கேட்டதற்கு மகள், "அவர் எல்லாத்தையும் சேர்த்துக் குழப்புவார் அம்மா" என்றாள். மனைவி என்னைக் காட்டி, "குழப்பிறதுக்கு உன்ர கொப்பரே காணுமே" என்றாள்.

இவர்களுடைய இசையில் பாட்டுச் சொற்கள் கிடையாது. தாங்கள் செய்வது பரிசோதனை என்று சொல்வார்கள். எங்கள் ஊரான முரசுமோட்டையில் தோட்டக் கிணற்றடிக்கு வந்து, தண்ணீர் இறைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் மைக்கை நட்டார்கள். வவுனியாத் தம்பி காதுக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு எனக்குக் கட்டளை தந்தார்.

"அங்கிள், கயித்தை இழுக்கேக்க முதல் இழுப்பில ஸ்டார்ட் வரக்கூடாது. ரெண்டு மூண்டு தரம் இழுத்தாப் பிறகு வந்தால்தான் நல்லம்."

"அதைப் பற்றி நீர் யோசிக்காதையும் தம்பி. அது எப்பவும் அப்பிடித்தான்" என்றேன்.

அன்றைக்கென்று பாருங்கள், மெசின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நான் நிறுத்தி நிறுத்தித் திரும்ப இழுக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் காணிக்காரர் வேலியால் எட்டிப் பார்த்து, "என்னண்ணை, நல்ல மெசினைப் பழுதாக்கப் பழகுறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தட்டின் இரண்டாவது பக்கத்தில் கடைசியாக ஒன்று இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தர்மபுரத்துத் தம்பி தனியத் தப்பு அடிப்பார். முதலில் வேகமாக, நெஞ்சுக்குள் வந்து இடிக்கிற மாதிரி. பிறகு அடி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் தூரம் கூடிக்கொண்டு போகும். பிறகு நின்றுவிடும். நின்ற பிறகு ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டது என்று எழும்பப் பார்க்கும் நேரத்தில் வயலினின் ஒற்றைத் தந்தி மெல்லத் தொடங்கும்.

"நடுவில அந்த இடத்தில என்ன பிள்ளை இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை அப்பா."

"அப்ப ஏன் அவ்வளவு நேரம்?"

"அதுதான் எனக்கு வேணும்."

அதற்கு மேலே நான் கேட்கவில்லை. வளர்ந்த பிள்ளைகள் அப்படிச் சொன்னால் அதோடு விட்டுவிடுவது நல்லது.

எல்லாம் ஒலிப்பதிவு செய்து முடிந்ததும், கறுப்புத் தட்டு அடிக்கிற வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அந்தத் தொழிற்சாலை எடுத்தவுடன் எல்லாத் தட்டையும் அடித்துத் தராது. முதலில் மாதிரிக்கு ஒன்று அனுப்பும். அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, சொன்ன நாளுக்குள் 'சரி' என்றோ 'பிழை' என்றோ எழுத வேண்டும். சரி என்றால் மிச்சத்தை அடித்து அனுப்புவார்கள். பிழை என்றால் திருத்துவார்கள், ஆனால் எங்கள் முறை வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பிறகு எத்தனை மாதம் என்று தெரியாது. பிள்ளைகளோ கிளிநொச்சியில் ஒரு மண்டபம் பிடித்து, தட்டு வெளியிடுகிற நாளையும் குறித்து, எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள்.

மாதிரித் தட்டு ஒரு வியாழக்கிழமை வந்தது. மகள் அதை இரண்டு கையாலும் விளிம்பில் மட்டும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். படம் ஒன்றும் இல்லை. நடுவில் வெள்ளைக் கடதாசி வட்டம் மட்டும். வன்னியில் அதைப் போட்டுக் கேட்க ஒரு பிளேயர் வேண்டுமே. சனிக்கிழமை வவுனியாத் தம்பி யாரிடமோ இரவல் வாங்கி பஸ்ஸில் கொண்டுவருவதாக இருந்தது. பதில் எழுதுவதற்குக் கடைசி நாள் ஞாயிறு. மகள் தட்டை உறையில் போட்டு, அலுமாரிக்குள் வைத்துவிட்டு, வெள்ளி காலை வழமைபோலக் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

பஸ் போன சத்தம் அடங்கவில்லை, மனைவி வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமை. அந்தத் தட்டைப் பிள்ளையாரிட்டக் கொண்டுபோய் ஒருக்கா வைச்செடுப்பம்."

எங்கள் பக்கத்தில் அது வழமைதானே. சைக்கிள் வாங்கினால் கோவிலடி. ட்ராக்டர் எடுத்தால் கோவிலடி. சோதனை எழுதப் போகிற பிள்ளையின் பேனையும் கோவிலடி. மகளின் முதல் தட்டை மட்டும் எப்படி விடுவது? மகளைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நல்ல காரியத்துக்கு யார் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்? அர்ச்சனைத் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து, அதன் மேலே இசைத்தட்டையும் வைத்துக்கொண்டு போனோம்.

ஐயர் அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"மோட்டார் சைக்கிள் எண்டால் பொட்டு எங்க வைக்கிறது எண்டு எனக்குத் தெரியும். இதுக்கு முகம் எது?"

"ரெண்டு பக்கமும் பாட்டு இருக்காம் ஐயா" என்றேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் முகம்" என்றார்.

சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, நாலு மூலைக்கும் வைப்பது போல நாலு இடத்தில் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, பிரட்டி மற்றப் பக்கத்துக்கும் அப்படியே வைத்தார். கறுப்பில் மஞ்சளும் சிவப்புமாக, பார்க்க வடிவாகத்தான் இருந்தது. மனைவி போனில் படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சந்தனம் காய்ந்து பொருக்கு விட்டுக் கொட்டத் தொடங்கியிருந்தது. பிள்ளை வரும்போது துப்புரவாக இருக்கட்டும் என்று மனைவி கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்து நன்றாகத் துடைத்து, வெயிலில் வைக்காமல் நிழலில் காயவைத்தாள். காய்ந்ததும் தட்டு முழுவதும் வெள்ளை படர்ந்துவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலின் அடியில் எவ்வளவு கல்லுப் படிகிறது என்று உங்கள் அம்மாமாரைக் கேளுங்கள்.

பின்னேரம் மகள் வந்து உறையை உருவினாள். தட்டை மூக்கடிக்குக் கொண்டுபோனாள்.

"அம்மா, இதில என்ன மணக்குது?"

"சந்தனம்" என்றாள் மனைவி. குரலில் இன்னும் சந்தோசம் இருந்தது. "ஐயர் ரெண்டு பக்கமும் வைச்சு விட்டவர்."

மகள் கதிரையில் இருந்துவிட்டாள். "அம்மா, பாட்டு எழுதியிருக்கிறதே அந்தக் கறுப்பிலதான். கடதாசியில இல்லை."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் நினைத்திருந்தது, கறுப்பு வெறும் தட்டு, பாட்டு உள்ளுக்குள் எங்கேயோ இருக்கிறது என்று. இரவு மனைவி சாப்பிடவில்லை. மகளும் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்காள், "நீ சாப்பிடன்", "நீங்கள் சாப்பிடுங்கோவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் இருந்து சாப்பிட்டேன். யாராவது சாப்பிட வேண்டுமே.

சனி காலை வவுனியாத் தம்பியும் தர்மபுரத்துத் தம்பியும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். தட்டைப் பார்த்த வவுனியாத் தம்பி தலையில் கை வைத்தார். தர்மபுரத்துத் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அன்ரி, என்ர தப்புக்கும் நீங்கள் பொட்டு வைச்சிருக்கலாம். அதுக்கு ஒண்டும் ஆகாது" என்றார்.

"நீயும் நக்கலடி தம்பி" என்று சொன்ன மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வவுனியாத் தம்பி போனில் தேடிப் பார்த்து, உப்பும் சுண்ணாம்பும் இல்லாத, வடித்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்றார். அப்படித் தண்ணீருக்கு நான் எங்கே போவது என்று யோசித்தபோது ட்ராக்டர் பற்றரி ஞாபகம் வந்தது. பற்றரியில் தண்ணீர் வற்றினால் விடுவதற்குக் கடையில் போத்தலில் விற்பார்களே, அது வடித்த தண்ணீர்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தன் சந்திக் கடைக்குப் போனேன்.

"ட்ராக்டருக்கோ அண்ணை?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லைத் தம்பி. பாட்டுக்கு."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போத்தலைத் தந்தார். பற்றரிக்கு விடுகிற அசிட் இல்லைத்தானே என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வந்தேன்.

கழுவியது மனைவிதான். வேறு யாரையும் தொட விடவில்லை. என்னுடைய பழைய வேட்டியில் மெல்லிய துண்டு கிழித்து, மகள் சொன்னபடி கோடு போகிற போக்கிலேயே வட்டமாக, குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்தாள். மஞ்சள் போயிற்று, வெள்ளையும் போயிற்று. கடைசியாகக் குங்குமச் சிவப்பு வேட்டித் துண்டில் வந்தது. தட்டு திரும்பவும் பளபளவென்று கறுத்தது.

பிளேயரை முன் அறை மேசையில் வைத்தார்கள். தண்ணீர் மெசின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று பக்கத்துக் காணிக்காரரும் வந்து கதிரையில் இருந்தார். தட்டு சுழன்றது. முதலில் கயிறு இழுக்கிற சத்தம். பிறகு மெசின் உறுமியது. அதற்குள்ளிருந்து வயலின் எழும்பி வந்தது. எது மெசின், எது வயலின் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பிள்ளை, பாட்டு எப்ப தொடங்கும்?" என்று பக்கத்துக் காணிக்காரர் கேட்டார்.

"தொடங்கி முடியப்போகுது மாமா" என்றாள் மகள்.

"அப்பிடியோ. நான் கரண்ட் சரியா வரேல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

முதல் பக்கம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. மனைவியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டாம் பக்கமும் நன்றாகவே போனது. கடைசிக்கு வந்தது. தப்பு வேகமாக அடித்து, வேகம் குறைந்து ஆறுதலாகி, நின்றது. அந்த ஒன்றுமில்லாத இடம் வந்தது. அதற்குள் டிக் என்று ஒரு சத்தம். தட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் திரும்ப டிக். திரும்பவும் டிக். வயலின் தொடங்கிய பிறகு அது கேட்கவில்லை. அதற்குள் அமுங்கிவிட்டது.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். மனைவி நிலத்தைப் பார்த்தாள். "சந்தனம்தான்" என்றாள்.

திரும்பக் கழுவினாள். திரும்பவும் டிக். போத்தல் முடியும்வரை கழுவியும் அது போகவில்லை. அப்போது தர்மபுரத்துத் தம்பி தட்டை யன்னலடிக்குக் கொண்டுபோய், சரித்துப் பிடித்து, போன் லைற்றைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார். நடுவை அண்டிய ஒரு இடத்தில் கடுகில் பாதி கூட இல்லாத ஒரு முகிழ், சின்னப் புடைப்பு. மகள் விரல் நுனியால் மெல்லத் தடவினாள்.

"இது ஒட்டினது இல்லை" என்றாள். "தட்டோடயே வந்தது. கறுப்பாத்தான் இருக்கு பாருங்கோ."

மனைவி தானும் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். நானும் விட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய விடுதலை. ஆனால் பிள்ளைகளுக்கு அங்கிருந்துதான் கரைச்சல் தொடங்கியது.

வவுனியாத் தம்பி சொன்னார்: "இது இந்த ஒரு தட்டில மட்டும் இருக்கலாம். அச்சு நல்லா இருந்து, இதில மட்டும் ஒரு தூசி விழுந்திருக்கும். ஓம் எண்டு எழுதுவம். மண்டபமும் பிடிச்சாச்சு."

"அச்சில இருந்தால்? எல்லாத் தட்டிலயும் வரும்" என்றாள் மகள்.

"வந்தால்தான் என்ன? டிக் எண்டு மூண்டு நாலு தரம். ஆர் கவனிக்கப் போகினம்?"

தர்மபுரத்துத் தம்பி இரண்டு பக்கமும் பேசவில்லை. "அது நான் அடிச்சு நிப்பாட்டுற இடம். அவதான் நிப்பாட்டச் சொன்னவ. அவ சொல்லட்டும்" என்றார்.

மனைவியும் வவுனியாத் தம்பியின் பக்கம்தான் கதைத்தாள். "ஓம் எண்டு எழுதிவிடு பிள்ளை. எல்லாருக்கும் நாள் சொல்லியாச்சு. அது ஒண்டுமில்லாத இடம்தானே? பாட்டுக்கு நடுவில எண்டால்தான் பிழை."

"ஒண்டுமில்லாத இடம் எண்டபடியால்தான் அம்மா" என்றாள் மகள். "அதில ஒரு சத்தமும் வரக்கூடாது. வந்தால் அது வேற ஒண்டாப் போயிடும்."

"என்னவாப் போகும்?"

மகள் ஊசியைத் தூக்கி அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தாள். தப்பு ஆறுதலாக அடித்தது. நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். டிக். மனைவியின் தோள் ஒருதரம் தூக்கிப் போட்டது. நான் கண்டேன்.

பிள்ளைகளே, உங்களில் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. பெரிய சத்தங்கள் இருந்த காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. அந்தச் சத்தங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சத்தம் நின்ற பிறகு வருகிற நேரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். உண்மையாகவே நின்றுவிட்டதா, இல்லாவிட்டால் திரும்பத் தொடங்கப்போகிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. பதுங்குகுழிக்குள் அசையாமல் இருப்போம். மகள் அப்போது பள்ளிக்கூடம் தொடங்காத வயது. தாயின் மடியில் இருந்து, "முடிஞ்சுதோ அம்மா?" என்று கேட்பாள். தாய் அவளுடைய வாயைக் கையால் மூடிக்கொள்வாள். மண் உதிர்கிற சின்னச் சத்தம் கேட்டாலும் எல்லோருக்கும் தோள் தூக்கிப் போடும்.

அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் நினைத்ததில்லை. அதைப் பற்றி வீட்டில் கதைத்ததும் இல்லை.

தட்டில் வயலின் தொடங்கியது. ஒற்றைத் தந்தி. மனைவி எழும்பி, மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்த இடத்தில நீ ஒண்டும் வராது எண்டு சொல்லப் பாக்கிறாய். என்ன?"

"ஓம் அம்மா. இதில முடிஞ்சிட வேணும். பிறகு வயலின் மட்டும் வரவேணும்."

மனைவி வவுனியாத் தம்பியின் பக்கம் திரும்பினாள். "தம்பி, பிழை எண்டு எழுதுங்கோ. மண்டபத்துக்கு வர இருந்த ஆக்களிட்ட நான் சொல்லுறன்."

"அன்ரி, பிறகு எத்தனை மாதமோ தெரியாது..."

"இருக்கட்டும்."

வவுனியாத் தம்பிக்கு மனம் இல்லை. அவருடைய சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார் பாவம். ஆனாலும் அவர்தான் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை சுற்றுக்கு அந்தச் சத்தம் வருகிறது என்று மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முகிழைக் கிட்டத்தில் பிடித்த படத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். சந்தனத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு அதை விளங்கப்படுத்தி முடியாது என்று தர்மபுரத்துத் தம்பி சொன்னார்.

சில நாளில் பதில் வந்தது. அடிக்கிற அச்சிலேயே ஒரு சின்னக் குழி இருந்து, அதுதான் தட்டில் முகிழாக எழும்பியதாம். அப்படியே அடித்திருந்தால் எல்லாத் தட்டிலும் அது வந்திருக்குமாம். அந்தப் பக்கத்துக்கு வேறு அச்சுச் செய்து தருகிறோம், ஆனால் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வெளியீடு தள்ளிப்போயிற்று. மண்டபத்துக்கு வருவதாக இருந்தவர்களிடம் மனைவி சொன்னபடியே தானே போன் எடுத்துச் சொன்னாள். சிலர், "பாட்டுத் தட்டில சத்தம் கேக்குது எண்டு நிப்பாட்டினவையோ?" என்று பகிடி பண்ணினார்கள். அவள் அடுத்த ஆளுக்குப் போன் எடுத்தாள்.

மாரி மழையோடு காலபோக நெல் விதைத்து, பயிர் முழங்கால் உயரம் வந்த பிறகு இரண்டாவது மாதிரி வந்தது. வவுனியாத் தம்பி அடுத்த பஸ்ஸிலேயே பிளேயரோடு வந்துவிட்டார். அவருக்குத்தான் எல்லோரையும் விட அவசரம். முதல் பக்கம் பழைய அச்சுத்தான், அதைப் பிறகு கேட்கலாம் என்று சொல்லி, இரண்டாம் பக்கத்தின் கடைசியில் நேரே ஊசியை வைத்தாள் மகள். நான் மின்சாரக் காற்றாடியை நிற்பாட்டினேன். மனைவி குசினி வாசலில், கையில் கழுவின அரிசியோடு நின்றாள்.

தப்பு வேகமாக அடித்தது. ஆறுதலானது. நின்றது.

ஒன்றும் இல்லை. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியில் ஒழுங்கையில் உங்களில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போன சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வயலின் வந்தது.

மகள் போனை எடுத்து, தொழிற்சாலைக்குச் சரி என்று எழுதத் தொடங்கினாள். மனைவி வாசலை விட்டு அசையவில்லை.

"பொறு பிள்ளை" என்றாள். "அந்த நிக்கிற இடத்தை எனக்கு இன்னொருக்காப் போடு."